வடிகட்டி முகவரியைப் பார்க்கும், கடிதத்தைப் படிக்காது

உங்கள் பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாரா? அப்படியானால் புத்தகங்களோடு ஒரு கணினியும் அவரது பையில் இருக்கும். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்பது முதலில் 2028ஆம் ஆண்டுக்கான இலக்கு. கொவிட்-19 காலத்தில் கல்வி அமைச்சு அதை 2021ஆம் ஆண்டின் இறுதிக்கு முன்னுக்குக் கொண்டுவந்தது. இன்று எரிமலை வெடிப்பதையும் இதயம் துடிப்பதையும் மாணவர்கள் வகுப்பிலேயே திரையில் பார்க்கிறார்கள்.

“பள்ளிச் சாதனம்தானே, வேண்டாததை எல்லாம் தடுத்திருப்பார்கள்” என்று நீங்கள் நினைக்கலாம். தடுத்திருக்கிறார்கள் என்பது உண்மை. அந்தத் தடுப்பு எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அது நிற்கும் இடத்தில்தான் உங்கள் பொறுப்பு தொடங்குகிறது.

முதல் காவல்: முகவரிப் புத்தகம்

இணையத்தளங்களுக்கு நாம் பயன்படுத்தும் பெயர்கள் கணினிக்குப் போதா. அதற்கு எண்களால் ஆன முகவரி வேண்டும். மாணவர் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், கணினி அதன் எண்ணை டிஎன்எஸ் எனப்படும் முகவரிப் புத்தகத்திடம் கேட்கிறது. பள்ளியின் வடிகட்டி அங்கேயே காவல் நிற்கலாம். சூதாட்டம், ஆபாசம், வன்முறை என்று வகை பிரித்த பட்டியல் அதனிடம் உண்டு. கேட்ட பெயர் பட்டியலில் இருந்தால் எண்ணைத் தராமல் திருப்பி அனுப்பிவிடும்.

இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்த இணைப்பையே பயன்படுத்துகின்றன. உலாவியில் முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்குவது அதற்கு அடையாளம். ஒட்டிய உறையில் போகும் கடிதத்தைப் போன்றது அது. எந்தத் தளத்துக்குப் போகிறது என்பது பொதுவாக வெளியில் தெரியும். அந்தத் தளத்தின் எந்தப் பக்கம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது.

இதனால் வரும் சிக்கலுக்கு யூடியூப் நல்ல எடுத்துக்காட்டு. எரிமலைக் காணொளியும் பிள்ளைகள் பார்க்கக்கூடாத காணொளியும் அங்கே ஒரே முகவரியில்தான் இருக்கின்றன. முழுத் தளத்தையும் மூடினால் பாடம் நின்றுபோகும். ஆகவே பள்ளிகள் யூடியூப்பின் கட்டுப்படுத்தப்பட்ட முறையைக் கட்டாயமாக்க முடியும். அந்த முறையில் பொருத்தமற்றவை எனக் கருதப்படும் காணொளிகளும் எல்லாக் கருத்துரைகளும் மறைக்கப்படும். ஆனால் எதை மறைப்பது என்று முடிவு செய்வதில் பெரும்பங்கு கணினி நிரலுடையது. அது தவறவும் கூடும்.

இரண்டாவது காவல்: சாதனத்துக்குள்ளே

உறை திறக்கப்படுவது மாணவரின் சாதனத்தில். அதனால் சாதனத்திலேயே நிறுவப்படும் நிர்வாகச் செயலியால் கூடுதலாகச் செய்ய முடியும். புதிய செயலிகளை நிறுவவிடாமல் தடுக்கலாம், திரை நேரத்துக்கு வரம்பு வைக்கலாம். தடையைச் சுற்றிப்போக உதவும் விபிஎன் செயலிகளையும் இப்படித்தான் நிறுத்துகிறார்கள். பள்ளியின் வைஃபையை விட்டுக் கைப்பேசியின் இணைப்புக்கு மாறினாலும் இந்தக் காவல் கூடவே வரும்.

ஆனால் காவல்காரரும் தாக்கப்படலாம். 2024 ஆகஸ்ட் மாதம், பள்ளிச் சாதனங்களை நிர்வகித்துவந்த ‘மொபைல் கார்டியன்’ தளத்துக்குள் ஒருவர் ஊடுருவினார். சிங்கப்பூரில் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்தச் செயலியை மாணவர்களின் சாதனங்களிலிருந்து நீக்கியது. பாடக் குறிப்புகளுக்கு வேறோர் இடத்திலும் நகல் இருக்கவேண்டும் என்பது அப்போது பலருக்கும் புரிந்தது.

எந்தக் காவலுக்கும் எட்டாத இடம்

வடிகட்டி முகவரிகளைப் பிரித்தறியும், மனிதர்களின் நோக்கத்தை அறியாது. குழுவாகச் செய்யும் திட்டவேலைக்காக ஒரு பகிர்வு ஆவணம் திறக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பள்ளி அனுமதித்த தளம். அந்த ஆவணத்தின் ஓரத்தில் ஒரு மாணவர் இன்னொருவரைக் கேலி செய்து எழுதினால், வடிகட்டியின் கண்ணுக்கு அது வீட்டுப்பாடம்தான். கல்வி விளையாட்டின் உரையாடல் பெட்டியில் முன்பின் தெரியாத ஒருவர் “எந்தப் பள்ளி?” என்று கேட்பதும் அப்படியே. பிள்ளை தானாகச் சொல்லிவிடும் தகவலை எந்தச் செயலியும் திரும்பப் பெற்றுத் தராது.

நல்ல ஆசிரியர்கள் இதை உணர்ந்தே பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். “இணையத்தில் தேடிப் பாருங்கள்” என்று பொதுவாகச் சொல்வதில்லை. தாங்கள் முன்பே பார்த்த இணைப்பைத் தருகிறார்கள். மேல்வகுப்புகளில் தேடவும் கற்றுத் தருகிறார்கள்: இதை எழுதியது யார், எப்போது, எதற்காக என்று.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலாவதாக, பள்ளி நேரத்துக்குப் பிறகு எந்த அமைப்பு வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்கப்படும். பள்ளியின் கட்டுப்பாடுகளே தொடரலாம், நீங்கள் மாற்றி அமைக்கலாம், அல்லது நிறுத்திவைக்கலாம். பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

இரண்டாவதாக, முழுப்பெயர், பள்ளியின் பெயர், வீட்டு முகவரி, சீருடை அணிந்த படம், மறைச்சொல் ஆகிய ஐந்தையும் யார் கேட்டாலும் உங்களிடம் சொல்லாமல் தரக்கூடாது என்று பழக்குங்கள்.

மூன்றாவது எல்லாவற்றையும்விட முக்கியம். பார்க்கக்கூடாத ஒன்று திரையில் வந்துவிட்டால் பிள்ளை என்ன செய்வார்? சொன்னால் சாதனம் பறிபோகும் என்று பயந்தால் வாயைத் திறக்கமாட்டார். “திரையை மூடு, ஆசிரியரிடமோ என்னிடமோ வந்து சொல், உன்னைத் திட்டமாட்டேன்” என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். வந்து சொல்லும் நாளில் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். வீட்டில் சொல்லத் தயங்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் ‘டிங்கிள் ஃபிரெண்ட்’ உதவி எண் இருக்கிறது: 1800-2744-788.

வடிகட்டிக்குத் தெரியாத ஆபத்து, பிள்ளை வாய் திறந்தால்தான் உங்களுக்குத் தெரியவரும். இன்று இரவு உணவின்போது, “இன்றைக்கு வகுப்பில் இணையத்தில் என்ன பார்த்தாய்?” என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள்.