சுகர் 'நார்மல்' ஆக வேண்டுமா?

சர்க்கரை நோயாளிக்கு ஆபரேஷன் என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, 'சுகர் நார்மலுக்கு வந்துடுச்சா?' மருத்துவர்கள் தேடுவது அந்த நார்மலை அல்ல. ஆபரேஷனை ஒட்டிய நேரத்தில் 100 முதல் 180 வரை இருந்தால் போதும் என்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம்.

இந்தத் தாராளம் பட்டுத் தெளிந்தது. 2001-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், அறுவை சிகிச்சைக்கான ஐ.சி.யூ.வில் இருந்த 1,548 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. இன்சுலின் கொடுத்து சர்க்கரையை 80-110க்குள் அடக்கியபோது, அங்கே இறந்தவர்கள் 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தார்கள். பல நாட்டு மருத்துவமனைகளும் அதையே பின்பற்றின. 2009-ல் வந்தது, ஐ.சி.யூ. நோயாளிகள் 6,000 பேருக்கு மேல் பங்கேற்ற நைஸ்-சுகர் ஆய்வு. இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதமும், 180 வரை விட்டுப் பிடித்தவர்களில் 24.9 சதவீதமும் 90 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். தாழ்சர்க்கரையும் முதல் பிரிவில்தான் மிக அதிகம். மயக்கத்தில் கிடப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால், 'படபடப்பா இருக்கு' என்று யாரிடம் சொல்வார்?

அதற்காக ஏறவும் விடக்கூடாது. கத்தி பட்டதும் உடல் கார்டிசாலையும் அட்ரினலினையும் கொட்டுகிறது. வெறும் வயிற்றிலும் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. சர்க்கரை எகிறினால் வெள்ளை அணுக்கள் மந்தமாகும், தையல் சீழ் பிடிக்கும். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால், மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி 8-க்குக் கீழே வரும்வரை காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

என் கவலை மாத்திரைப் பட்டையில் இருக்கிறது. மெட்ஃபார்மினை ஆபரேஷன் அன்று நிறுத்தினால் போதும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால், பட்டினியோடு சேர்ந்து ரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகலாம். குளுக்கோமீட்டரோ 170 என்று சாதுவாகக் காட்டும், ஆபத்து பிடிபடாது. இவை மெட்ஃபார்மினோடு ஒரே மாத்திரையாகவும் வருவதால் சாப்பிடுபவருக்கே தெரிவதில்லை. 'வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு' என்று சொல்லாமல், மயக்க மருந்து நிபுணரிடம் பட்டையையே நீட்டுங்கள்.

டைப் 1 நோயாளிகள் கதை வேறு. சாப்பாடு இல்லையே என்று நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தவே கூடாது; அளவை எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர் சொல்வார்.

இன்னொன்று. வாந்தி வராமலிருக்கப் பலருக்கும் போடும் டெக்ஸாமெதசோன் ஒரு ஸ்டீராய்டு. மறுநாள் மீட்டர் 240 காட்டினால், பார்க்க வந்த மச்சான் வாங்கிவந்த ஆப்பிளை மட்டும் திட்டாதீர்கள்.