மன்னார்க் கரையோரப் பாடசாலைகளும் ஆசிரியரின் தொழில் நெருக்கீடும்

ஆசிரியரது தொழில் நெருக்கீடு, தொழில் திருப்தி ஆகியன பற்றிய ஆய்வேடுகள் பலவற்றிலே ஹேர்ஸ்பேர்க்கின் இருகாரணிக் கோட்பாடு இடம்பெறக் காண்கிறோம். ஊதியமும் வேலைச்சூழலும் குறைவுபடின் அதிருப்தி தோன்றும். அவை நிறைவுற்றதனால் மட்டும் திருப்தி தோன்றிவிடாது. சாதனை, அங்கீகாரம் என்பனவே அதனைத் தருவன என்பது அக்கோட்பாட்டின் சாரம். பிற்ஸ்பேர்க் நகரத்துப் பொறியியலாளரும் கணக்காளருமாகிய சுமார் 200 பேரை வினவி, 1959இல் வெளியிடப்பட்ட முடிவு அது. அவர்களுள் எவரும் முசலியிற் கற்பிக்க நியமனம் பெற்றவரல்லர்.

மன்னார் மாவட்டம் மன்னார், மடு என இரு கல்வி வலயங்களைக் கொண்டது. மன்னார் நகரத்துப் பாடசாலையின் நிலைமையும், சிலாவத்துறைக்கு அப்பாலுள்ள பாடசாலையின் நிலைமையும் ஒன்றல்ல. கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் எனும் நிருவாகச் சொற்கள் இவ்வேறுபாட்டை ஒருவாறு ஏற்றுக்கொள்கின்றன. அங்கு குறித்த காலம் பணிபுரிந்தவர் இடமாற்றம் கோரலாம். ஆகவே ஆசிரியர் வந்த நாள் தொட்டே போகும் நாளை எண்ணத் தலைப்படுகிறார், க.பொ.த. சாதாரண தரத்துக்கு ஆயத்தமாகும் மாணவனோ ஆசிரியர் மாறி மாறி வரக் கணிதம் கற்கின்றான். இதனை ஆசிரியரின் மனப்பான்மைக் குறைபாடு எனல் எளிது. அம்மனப்பான்மையை உற்பத்தி செய்வது இடமாற்ற முறையே என்பதுதான் மனங்கொள்ளத்தக்கது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1990இல் தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. அவ்வாண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி, முசலிப் பகுதி ஆசிரியரும் மாணவரும் புத்தளத்து அகதிமுகாம்களுக்குச் சென்றனர். தமிழ்க் கிராமத்தவர் பலர் மடுவில் தஞ்சமடைந்தனர். 2009இன் பின் மீள்குடியேறிய ஊர்களிலே பாடசாலையை மீண்டும் தொடக்குதல் என்பது கட்டடம் எழுப்புதல் மாத்திரமன்று. தந்தையை இழந்த பிள்ளைக்கு ஆறுதல் கூறுவதும் ஆசிரியரின் வேலையாயிற்று. எந்த நேரசூசியிலும் அதற்கெனப் பாடவேளை கிடையாது.

2011இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட, யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கான வழி சுருங்கிற்று. வழி சுருங்கியபோது ஆசிரியரின் நாள் நீண்டது! முன்னர் மன்னாரில் அறையெடுத்துத் தங்கியிருக்க வேண்டியவர், இப்போது நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை நாள்தோறும் சென்று மீள முயலலாம். நாட்டின் ஆசிரியருட் பெரும்பான்மையினர் பெண்கள். வீட்டிலே அவர்களுக்கு இன்னொரு வேலைநாள் காத்திருக்கின்றது. இதனை வினாக்கொத்தில் 'பயணக் களைப்பு' என ஒரு வரியில் அடக்குவது எமக்கு உடன்பாடன்று.

மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் பாகத்தில், இலாபத்துக்கான பள்ளியிலே உழைக்கும் ஆசிரியரையே உற்பத்தித் தொழிலாளிக்கு உதாரணமாக எடுத்தார். எமது அரசாங்க ஆசிரியர் அவ்வகையினர் அல்லரெனினும், கூலிக்கு உழைப்பவரே. ஆனால் சமூகம் அவரைக் குருவாக வைத்துப் போற்றுகின்றது. குரு சம்பளம் கேட்டால் முகஞ்சுளிக்கின்றது. 'சேவை மனப்பான்மை' எனும் சொல் இவ்வாறே பயன்படுகின்றது.

1997 முதல் நீடித்த சம்பள முரண்பாட்டை முன்வைத்து, 2021 யூலை 12இல் ஆசிரியர் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். அதுவரை அக்கற்பித்தலுக்கான கைத்தொலைபேசியும் தரவுக் கட்டணமும் பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தச் செலவே. நூறு நாள் கடந்த அப்போராட்டத்தின் பயனாக, பரிந்துரைக்கப்பட்ட உயர்வில் மூன்றிலொரு பங்கு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நடுப்பகுதியில் எரிபொருள் அற்று, பாடசாலைகள் மூடப்பட்டன. பேருந்துக் கட்டணம் ஏறிற்று. எஞ்சிய மூன்றிலிரு பங்கைக் கோரி 2024 யூன் 26இல் ஆசிரியர் சுகவீன விடுமுறையிற் கொழும்பு வீதிக்கு வந்தபோது, அவர்களை எதிர்கொண்டவை கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும்.