கதிரவன் ஏற்றும் வீட்டு விளக்கு

மாணவர்களே! கல்லலைச் சூழ்ந்த செட்டிநாட்டின் பழைய வீடுகளில், வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கும். வெளிச்சம் பெறவும், நெல்லும் வற்றலும் உலர்த்தவும் நம் முன்னோர் கதிரவனை அங்கே வரவேற்றனர். இன்று அதே கதிரவன் மாடியில் இறங்கி வீட்டு விளக்கையும் ஏற்றுகிறான்.

எவ்வாறு? சிலிக்கன் தகட்டின்மீது ஒளி படும்போது அதிலுள்ள எலெக்ட்ரான்கள் விடுபட்டு ஒரு திசையில் ஓடுகின்றன. அவ்வோட்டமே மின்சாரம். 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் காட்டிய சிலிக்கன் மின்கலம், பட்ட ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே மின்சாரமாக்கிற்று. இன்றைய தகடுகள் 20 பங்குக்கு மேலும் ஆக்குகின்றன. ஒரு கிலோவாட் தகடுகள் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 4 யூனிட் தரும். தகடு தரும் நேர்மின்னோட்டத்தை, வீட்டுக் கருவிகளுக்கு வேண்டிய மாறுமின்னோட்டமாக இன்வெர்ட்டர் மாற்றுகிறது. பகலில் மிகுவது தெருக்கம்பிக்குச் செல்லும். இரவில் அக்கம்பியே நமக்கு மின்சாரம் தரும்.

ஆயினும் ஓர் ஐயம் எழலாம். நண்பகலில் மின்தடை; மாடியில் வெயில் கொளுத்துகிறது; விசிறியோ சுழலவில்லை. பழுதா? அன்று. கம்பியில் மின்சாரம் நின்றதும் இவ்வகை இன்வெர்ட்டர் தானும் நின்றுவிடும். நில்லாவிடில், நம் வீட்டு மின்சாரம் கம்பியில் பாய்ந்து, கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் குடித்துவிடக்கூடும். தடைநேரத்திலும் விளக்கு வேண்டுவோர், மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரியும், தெருக்கம்பியினின்று வீட்டைத் தானே பிரிக்கும் அமைப்பும் கொள்ளவேண்டும்.

மின்சாரத்தை வாங்கி வந்த வீடு கொடுக்கும் வீடாகவும் ஆகும்போது, அயலார் உயிருக்கும் பொறுப்பேற்கிறது. விஞ்ஞானம் கற்கும் நீங்கள் இதனை மறவாதீர்கள்.