மே மாதத்து வேலைக்கு ஜனவரியில் மனு

கல்லூரிப் பரீட்சைகள் முடிந்த மறுநாள்தான் நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்கு, "பையனுக்கு லீவில் எங்கேயாவது ட்ரெய்னிங் கிடைக்குமா?" என்ற ஞாபகம் வருகிறது. ரயில்வேயில் 36 வருஷம் இருந்தவன் என்பதால் எனக்கும் டெலிபோன் வரும். மாட்டுங்கா பணிமனை 1915-லிருந்து இருக்கிறது; ரயில் பெட்டிகளைப் பிரித்துப் பழுது பார்த்து மீண்டும் பூட்டி அனுப்பும் இடம். மெக்கானிகல் படிக்கும் பையனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் கேட்டில் போய் நின்று, "நம்ம பையன், உள்ளே விடுங்கள்" என்று சொல்ல முடியாது. கல்லூரி முதல்வரின் கடிதம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரம், எந்தப் பிரிவில் பயிற்சி வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே போய், ஓர் அதிகாரி கையெழுத்திட வேண்டும். மே மாதத்துக்கு ஜனவரியிலேயே மனு போட்டவனுக்குத்தான் இடம்.

ஆராய்ச்சி நாட்டமுள்ள விஞ்ஞான மாணவர்கள் இன்னும் முந்த வேண்டும். பெங்களூர், டில்லி, அலகாபாத் ஆகிய ஊர்களிலுள்ள மூன்று விஞ்ஞான அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கு, முந்தின வருஷக் கடைசியிலேயே விண்ணப்பம் வாங்கிவிடுகிறார்கள். உதவித்தொகையும் உண்டு. கொலாபாவில் உள்ள டாடா ஆராய்ச்சி நிலையமும் கோடையில் மாணவர்களை எடுக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பொறியியல் படிப்பில் இன்டர்ன்ஷிப்பை ஒரு முக்கிய அங்கமாக்கி 2018-ல் ஏ.ஐ.சி.டி.இ. மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. சமூகப் பணிக்கென்று 100 புள்ளிகள் சேர்க்கும் ஏற்பாடும் அந்த வருஷம்தான் வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் காகிதம் வேண்டும் என்றவுடன் காகிதம் விற்பவர்களும் கடை விரித்துவிட்டார்கள். நம் உறுப்பினர் ஒருவரின் மகன், மூன்றாம் வருஷ மெக்கானிகல், ஒரு கம்பெனிக்கு 4,500 ரூபாய் கட்டி, நாலு வாரம் வீட்டிலிருந்தே வீடியோ பார்த்து, தங்க பார்டர் போட்ட சர்டிபிகேட் ஒன்று வாங்கினான். 'தொழிற்சாலைப் பராமரிப்புப் பயிற்சி' என்று அதில் அச்சடித்திருந்தது. கல்லூரிக்கு வந்த ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வில் கேட்ட முதல் கேள்வி: "அங்கே ஷிப்ட் எத்தனை மணிக்கு மாறும்?" பையனுக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த லீவில் அவனை அம்பர்நாத்தில் ஒரு சிறு பட்டறையில் சேர்த்துவிட்டேன். முதலாளி நமக்குத் தெரிந்தவர். சம்பளம் கிடையாது, டீயும் மதியச் சாப்பாடும்தான். முதல் வாரம் முழுக்க போல்ட் பிரிக்கவும் வெர்னியர் பிடிக்கவும் விட்டார்கள். வீட்டில் அம்மாவுக்கு ரொம்ப வருத்தம். மூன்றாம் வாரம், பவர் பிரஸ் எத்தனை முறை நின்றது, ஏன் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார் போர்மன். ஆறு வாரம் கழித்து அந்த எண்ணெய்க் கறை நோட்டைத்தான் பையன் அடுத்த நேர்முகத்துக்கு எடுத்துப் போனான். அன்று அரைமணி நேரம் பேசினானாம். வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது.

சம்பளமே வேண்டும் என்ற நிலையில் இருக்கும் குடும்பங்களும் நம்மில் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பி.காம். மாணவர்களுக்கு நல்ல சமயம் ஜூன் மாதம். வருமானவரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. என்று ஆடிட்டர் அலுவலகங்களில் ஆள் போதாமல் தவிக்கிறார்கள். பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, பாங்க் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தால் போதும். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறவர்கள், வீட்டுக்கு நாலைந்து ஸ்டேஷனுக்குள், ஒரே லைனில் இடம் கேளுங்கள், தேடித் தரலாம். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 1961-ம் வருஷச் சட்டப்படியான அப்ரண்டிஸ் பயிற்சி வேறு, லீவில் செய்யும் இன்டர்ன்ஷிப் வேறு. டிகிரி, டிப்ளமா படிப்பவர்கள் பொதுவாகப் படிப்பு முடிந்த பிறகே அப்ரண்டிஸாகச் சேருவார்கள், உதவித்தொகையும் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

இனித் தொண்டு விஷயம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் காந்தி நூற்றாண்டின்போது தொடங்கியது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். மரம் நட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகளிடம் வேறொரு கைமுதல் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி. சயான் மருத்துவமனையில் கேஸ் பேப்பர் கவுண்டர் முன்னால், தாராவியிலிருந்து வந்த ஒரு தமிழ்க் கிழவி எந்த வரிசை என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். டாக்டர் சொன்ன மாத்திரை வேளையைத் தமிழில் சொல்ல அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்த்து அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும். பரேலில் டாடா மருத்துவமனைக்கு ஊரிலிருந்து வருகிறவர்களும் உண்டு. புற்றுநோயாளிகள் சிகிச்சைக்குப் பயணம் செய்ய ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. மருத்துவமனைச் சான்று வேண்டும். இதை எடுத்துச் சொல்லி அந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுப்பதே பெரிய உதவி.

ஊரில் என்றால் மாமா கடை, சித்தப்பா ஆபீஸ் என்று ஏதாவது இருக்கும். இங்கே பிள்ளைகளுக்கு நாம்தான் மாமாவும் சித்தப்பாவும். பாங்கிலோ, பட்டறையிலோ, ஆடிட்டர் ஆபீசிலோ, மருத்துவமனையிலோ பணியில் இருக்கும் அங்கத்தினர்கள், எந்த மாதத்தில் எத்தனை பேரை எடுக்க முடியும் என்று ஒரு வரி எழுதி டிசம்பருக்குள் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் நான் அங்கே இருப்பேன். மாணவர்கள் கல்லூரிக் கடிதத்தோடு வரட்டும். அப்பா அம்மா இல்லாமல் தனியாகவே வரட்டும்.