ஒரே ஓசை, இரண்டு எலிகள்

இரண்டு கூண்டுகளில் இரண்டு எலிகள் அமைதியாக இருக்கின்றன. திடீரென மணி ஒலிக்கிறது. இரண்டின் இதயமும் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. ஆனால் ஓர் எலியில் அவ்வுயர்வு மிக அதிகம். ஏன் இந்த வேறுபாடு?

அது பரம்பரையாகவே மிகை இரத்த அழுத்தம் கொண்ட இனத்தைச் சேர்ந்தது. ஜப்பானில் கியோட்டோ நகரில் ஒக்காமோட்டோ, அவோக்கி என்னும் அறிஞர்கள், அழுத்தம் மிகுந்த எலிகளையே தேர்ந்து தலைமுறைதோறும் இணைசேர்த்து இவ்வினத்தை உருவாக்கி, 1963இல் அறிவித்தனர். சாதாரண எலியின் அழுத்தம் சுமார் 120 மி.மீ. பாதரசம், இவ்வினத்தில் வளர்ந்த எலிக்கு அது 180ஐயும் தாண்டும்.

ஓசை, குளிர், இடமாற்றம் என்று சூழல் மாறும்போது மூளை, பரிவு நரம்புகளின் வழியே நுண்தமனிகளைச் சுருங்கச் செய்கிறது. இவ்வெலிகளில் அந்தத் தூண்டுதலே சற்று வலிமையானது. அத்துடன், ஸ்வீடன் நாட்டு உடலியல் அறிஞர் ஃபோல்கோவ் காட்டியதுபோல, நெடுநாள் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி நுண்தமனிகளின் தசைச் சுவர் தடித்துவிடுகிறது. சுவர் தடித்தால் உள்துளை குறுகும். தசை அதே அளவு சுருங்கினாலும் துளை முன்னைவிட அதிகமாக அடைபடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாயின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், இரத்த ஓட்டத்துக்கு உண்டாகும் தடை சுமார் ஒன்றரை மடங்காகும். பத்தில் இரண்டு பங்கு குறைந்தாலோ, ஏறக்குறைய இரண்டரை மடங்காகிவிடும்!

உயர்ந்த அழுத்தத்தைத் தணிக்க உடலில் காவலர்கள் இல்லையா? உண்டு. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் அழுத்த உணர்விகள் இருக்கின்றன. ஆனால் மிகை அழுத்தம் நீடித்தால் அவை அதற்கே பழகிவிடுகின்றன; உயர்ந்த அளவையே இயல்பெனக் கொள்கின்றன. நாய்களில் நடந்த சோதனைகளால் இவ்வுண்மை 1956இல் தெளிவாயிற்று.

எலியில் கண்டதை எல்லாம் மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. எனினும் நம் நாளங்களும் இவ்வாறே தடிக்கின்றன. நம் உணர்விகளும் இவ்வாறே பழகுகின்றன. அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரும்படி மருத்துவர் சொல்வது, சூழலால் எழும் தற்காலிக உயர்வை விலக்கவே. அவ்வாறு அமர்ந்து, வெவ்வேறு நாட்களில் அளந்தும் அழுத்தம் மிகுந்தே இருந்தால், "உடம்புக்கு ஒன்றுமில்லையே" என்று வாளாவிருக்காதீர்கள். வலியே இல்லாமல் நாளங்கள் தடித்துக்கொண்டிருக்கலாம்.