காற்று இறங்கிய கார்

இரவு நிமிர்ந்து நின்ற கார், காலையில் ஒரு மூலையில் மட்டும் மட்கார்டு டயரைத் தொடுமளவுக்கு இறங்கிக் கிடக்கிறது. நான்கு டயரிலும் காற்று சரியாகவே இருக்கிறது. போனது டயரின் காற்று அல்ல. காரின் உடலைச் சக்கரத்துக்கு மேலே தாங்கி நிற்கும் ரப்பர் பையின் காற்று. ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரை வைத்திருப்பவர் அந்த நேரத்தில் கேட்பது ஒன்றுதான்: இதை இப்படியே ஓட்டிக்கொண்டு போகலாமா? கார் எந்த உயரத்தில் நிற்கிறது, நான்கு மூலைகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இரும்பு ஸ்பிரிங் வைத்த காரில் ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்துவிடும். ஏர் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியான ரப்பர் பை இருக்கும். பாரம் ஏறி உடல் தாழ்ந்தால் உயரத்தை அளக்கும் சென்சார் அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். வால்வு திறந்து பைக்குள் காற்று போகும். கார் பழைய உயரத்துக்கு வரும். பாரம் கூடக் கூடப் பையின் அழுத்தமும் விறைப்பும் கூடுவதால், காலி வண்டியும் நிறைந்த வண்டியும் ஏறக்குறைய ஒரே தாளத்தில்தான் அசையும். நம் ஊரில் 'ஏர் பஸ்' என்று கேட்டு வாங்கி ஏறும் இரவுப் பேருந்தில் தூக்கம் கலையாததற்கு இதுவே காரணம்.

கார்களில் இது புதிதல்ல. 1957-இல் அமெரிக்காவின் காடிலாக் எல்டொராடோ புரோம் ஏர் சஸ்பென்ஷனோடு வந்தது. கசிவுத் தொல்லை தாங்காமல் அதை வாங்கியவர்களில் பலர் இரும்பு ஸ்பிரிங்குக்கு மாற்றிக்கொண்டார்கள். 1984-இல் லிங்கன் மார்க் VII எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டோடு அதை மீட்டுக் கொண்டுவந்தது. ஆனாலும் இதன் நன்மை தீமை இரண்டையும் ஒரே வண்டியில் பார்க்க வேண்டுமென்றால், இங்கிலாந்தில் சோலிஹல் ஆலையிலிருந்து 1994 முதல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவரைத்தான் நான் காட்டுவேன்.

அந்த வண்டிக்கு நான்கு பைகள். கம்ப்ரசர் காற்றை அழுத்தி ஒரு தொட்டியில் சேர்த்து வைக்கும். அங்கிருந்து வால்வுப் பெட்டி வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு குழாய் போகும். நெடுஞ்சாலையில் வேகம் கூடினால் கார் தானாக 25 மில்லிமீட்டர் தாழும். மேடு பள்ளத்தில் பொத்தானை அழுத்தினால் 40 மில்லிமீட்டர் உயரும். ஆள் ஏறி இறங்க வசதியாக 65 மில்லிமீட்டர் வரை தாழ்ந்து நிற்கும். இவ்வளவையும் செய்யும் அமைப்பு பெரும்பாலும் பழுதாவது அற்பமான இடங்களில்: வால்வுப் பெட்டிக்குள் இறுகிப்போகும் சின்ன ரப்பர் வளையங்கள், மடிந்து மடிந்து வெடிக்கும் பை, தேய்ந்துபோன சென்சார். கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடும் கம்ப்ரசர் சூடேறி, கடைசியில் தானும் போய்விடும்.

காற்று முழுவதும் போனால் காரின் சட்டம் ஆக்சிலுக்கு மேலே இருக்கும் கெட்டி ரப்பர் முட்டுகளில் வந்து உட்காரும். பம்ப் ஸ்டாப் எனப்படும் இந்த முட்டு எப்போதாவது விழும் பெரிய அடியைத் தாங்கவே வைக்கப்பட்டது. ஸ்பிரிங்காக வேலை செய்வதற்கு அல்ல. முட்டில் உட்கார்ந்த காரை ஓட்டினால் முதுகு வலிக்கும் என்பது உண்மை, ஆனால் ஆபத்து அங்கே இல்லை. சாலையில் ஒரு மேடு வந்தால் சக்கரம் மேலே ஏற இடம் வேண்டும். இடமில்லாதபோது சக்கரத்தோடு மொத்தக் காரும் எகிறுகிறது. எகிறும் அந்தக் கணத்தில் டயர் தரையை விட்டு எழுகிறது. தரையைத் தொடாத டயரால் பிரேக் பிடிக்க முடியாது, திரும்பவும் முடியாது. வேகம் கூடினால் அந்தக் கணங்களும் கூடும். இந்த ரேஞ்ச் ரோவர், பழுதை உணர்ந்ததும் மணிக்கு 35 மைலுக்கு மேல், அதாவது சுமார் 56 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று முன்பலகையில் எழுதிக் காட்டுவது இதனால்தான். அது உச்ச வரம்பு. குண்டும் குழியுமான சாலையில் அதில் பாதியே அதிகம்.

நான்கு மூலைகளும் சமமாக இறங்கிய காரைவிட ஒரு மூலை மட்டும் இறங்கிய காருக்கே நான் அதிகம் பயப்படுவேன். ஒரு கால் குட்டையான மேசையை நினைத்துப் பாருங்கள்: பாரம் குறுக்காக ஒரு ஜோடிக் கால்களில் ஏறி, மற்ற ஜோடி பாரமில்லாமல் ஆடும். காரிலும் அப்படியே. பாரமில்லாத சக்கரம் பிரேக் போடும்போது வழுக்கும். கார் ஒரு பக்கம் இழுக்கும். ஈரச் சாலையில் இது விபத்து. பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். நமக்குச் சாலை தெரியாது, எதிரே வருபவருக்குக் கண் கூசும். அந்த நிலையில் இரவில் ஓட்டவே கூடாது. இந்த ரேஞ்ச் ரோவரில் இடது, வலது சக்கரங்கள் ஒரே ஆக்சிலில் இருப்பதால் தாழ்ந்தாலும் நேராகவே நிற்கும். சக்கரங்கள் தனித்தனியாக அசையும் கார்களில் தாழ்ந்ததும் அவை உள்பக்கம் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு தேயும். ஓட்டத் தொடங்கும் முன் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, டயர் எங்காவது உரசுகிறதா என்று இறங்கிப் பார்ப்பது அவசியம். உரசினால் ஓட்டக்கூடாது, அவ்வளவுதான்.

உயரத்திலேயே மாட்டிக்கொண்ட காரும் உண்டு. பார்க்கக் கம்பீரமாக இருப்பதால் பலர் அதைப் பழுதாகவே எண்ணுவதில்லை. பாரத்தின் மையம் மேலே ஏறிவிட்டது என்பதை வளைவில்தான் உணர்வார்கள்.

கசிவு மெதுவாக இருந்து கம்ப்ரசர் நலமாக இருந்தால், இன்ஜினை ஓடவிட்டு, கார் முழு உயரத்துக்கு வரும்வரை காத்திருந்து, பக்கத்துப் பணிமனைக்கு நிதானமாகப் போகலாம். பழுது சென்சாரிலோ கம்ப்யூட்டரிலோ இருந்து பைகள் காற்றைத் தாங்கினால் வேறு வழி இருக்கிறது. இந்த ரேஞ்ச் ரோவரின் வால்வுகள் மின்சாரம் வந்தால்தான் திறக்கும். சரியான உயரத்தில் நிற்கும்போதே இடது முன் இருக்கைக்கு அடியிலுள்ள ரிலேயைக் கழற்றிவிட்டால் காற்று பைக்குள்ளேயே அடைபட்டு நிற்கும். மற்ற வண்டிகளில் எந்த ஃபியூஸ், எந்த ரிலே என்று அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்துத்தான் தொட வேண்டும்.

பழைய ரேஞ்ச் ரோவர்க்காரர்களில் சிலர் ஒவ்வொரு பையின் குழாயிலும் சாதாரண டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி வைத்திருப்பார்கள். எல்லாம் கைவிட்டால், டயருக்குக் காற்றடிக்கும் பம்பாலேயே பையை நிரப்பிக்கொள்ளலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் செலவை மிச்சம் பிடிக்க இடது, வலது பைகளை ஒரே வால்வில் இணைக்கக்கூடாது. வளைவில் ஒரு பையின் காற்று மற்றதற்கு ஓடி, கார் சரிந்துகொண்டே போகும். நான்குக்கும் நான்கு வால்வு வேண்டும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரை அளவு நாடா பிடித்து, இரு பக்கமும் சமம்தானா என்று பார்க்க வேண்டும்.

சாலையைவிடப் பெரிய ஆபத்து நின்றுகொண்டிருக்கும் காருக்கு அடியில் இருக்கிறது. எங்கே கசிகிறது என்று எட்டிப்பார்க்கக் காருக்கு அடியில் தலையை நுழைப்பது மனிதர்களின் இயல்பு. பை வெடித்தாலோ வால்வு திறந்தாலோ இரண்டு டன் எடையுள்ள வண்டி எந்த எச்சரிக்கையும் தராமல் கீழே வரும். ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. சட்டத்துக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். அதற்கு முன் கைகூட நுழையக்கூடாது.

ஓட்டமுடியாது என்று முடிவானால், சக்கரங்கள் தரையில் படாமல் மொத்தக் காரையும் ஏற்றிச் செல்லும் லாரியைத்தான் அழைக்க வேண்டும். ஏற்றிய பிறகு வார்ப்பட்டைகளைச் சக்கரங்களின் மேல் கட்டச் சொல்லுங்கள். சட்டத்தில் கட்டினால் வழியில் மிச்சக் காற்றும் இறங்கி, கார் தாழ்ந்து, பட்டைகள் தளர்ந்துவிடும்.