குரல் நாணில் மூங்கிற் கணு

ஆசிரியரொருவருக்குக் குரல் கம்மினால், உரக்கப் பேசியதன் விளைவென்றே யாவரும் கொள்வர். பெரும்பாலும் அது சரியே. எனினும், கைகால் மூட்டுகளில் நோவும் வீக்கமும் உடையாருக்குக் கம்மல் நீங்காதிருப்பின் வேறொரு காரணமும் எண்ணத்தக்கது.

உடலைக் காக்கும் எதிர்ப்பாற்றல் அவ்வுடலையே பகையெனக் கருதித் தாக்கும் நோய்கள் சில உள. ருமற்றோயிட் மூட்டுவாதமும் லூப்பஸ் நோயும் அவ்வினத்தன. குரல்வளைக்குள்ளும் மூட்டுகள் உண்டென்பதைப் பலர் அறியார். குரல் நாண்களை விரித்தும் நெருக்கியும் இயக்கும் அச்சிறு மூட்டுகளை வாதம் பற்றின் குரல் கரகரக்கும், விழுங்குகையில் நோவுண்டாகும், அவை இறுகி நாண்கள் விரியாதொழியின் மூச்சுக்கே இடராகும்.

இதனினும் வியப்புடையது நாணிலேயே தோன்றும் கணு. பெண்ணொருவர் பேசும்போது நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 200 முறை அதிர்கின்றன. நாணின் நடுப்பகுதியிற் குறுக்கே வெண்மஞ்சட் பட்டையொன்று படிந்தால் அதிர்வலை அவ்விடத்திலே தடைப்படும். லூப்பஸ் நோயிற் கண்ட இதனை 1993இல் யப்பானிய மருத்துவர்கள் விவரித்தனர். மூங்கிற் கணு என்பது மிகப் பொருத்தமான பெயரே. பெரும்பாலும் பெண்களிடத்தே இது காணப்படுகின்றது. உள்நோய் இன்னதென அறியப்படுமுன்னரே கணு வெளிப்பட்டதும் உண்டு.

பேச்சு மிகுதியால் வரும் காய்ப்பு ஓய்வினாலும் குரற்பயிற்சியினாலும் பெரிதும் தணியும். கணுவுக்கோ அவை மட்டும் போதா. பனங்கற்கண்டும் மிளகும் பயன்படா. உள்நோய்க்குரிய மருந்தும், ஸ்ரெறோயிட்டும், சிலவேளை சத்திரசிகிச்சையும் வேண்டும். நான்கு வாரங்களுக்கு மேற் கம்மல் நீடிப்பின் தொண்டை வைத்தியரிடம் குரல்வளையைக் காட்டுதல் நன்று. தொண்டைக்கென்று சென்றவர் மூட்டு நோவைச் சொல்லாது திரும்புவதே வழக்கம். அதனையும் அவரிடம் சொல்லுதல் வேண்டும்.